ஒரு ஸ்பூன் மண்

புனேயில் மீன் கல் கிடைக்காது. இங்கே எங்கே தோண்டினாலும் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறைதான். குவாரிகளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிகங்கள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். என் மனைவி அமலாவும் அப்படித்தான் தொடங்கினாள். பிறகு அவளுக்கு அலுத்துவிட்டது. "அழகா இருக்கு, அவ்ளோதான். எதுவும் உசிரோட இருந்ததில்ல" என்றாள். கல்லாகிப்போன பழங்கால மீனுக்கு மாறினாள்.

மீனுக்கு இரவு ரயிலில் வர்தா வரை போக வேண்டும். அங்கிருந்து ஜீப்பில் தெற்கே. கறுப்புப் பாறைக்கு அடியிலும் இடையிலும் பழைய ஏரிகளின் சேறு கல்லாகிக் கிடக்கும் கிராமங்கள் அந்தப் பக்கம் உண்டு. நாங்கள் போன கிராமத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். மீன் தேடுகிறவர்கள் யாரும் எழுதமாட்டார்கள். எழுதினால் அடுத்த மாதமே கல் வியாபாரிகள் ஜேசிபியோடு வந்து நிற்பார்கள். ஜீப்பில் ஏறுமுன் அமலா மொபைலில் இடம் பதிவாவதை அணைத்துவிடுவாள். என்னுடையதையும் வாங்கி அணைப்பாள்.

நான் ரஞ்சன்காவில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வீடு நிக்டியில். சொந்த ஊர் கோயம்புத்தூர். அமலா கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள், பாணேரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எனக்குக் கல்லில் ஆர்வம் கிடையாது. அவள் கூப்பிட்டதால் போனேன். பை தூக்கினேன். சொன்னால் சுத்தியல் எடுத்துக் கொடுத்தேன்.

சென்ற செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் வீடு கழுவினோம். மாமியார் விசாலாக்ஷி கிர்க்கியிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார்.

"சாவு விழுந்த வீடு. ஒரு மூலை விடாம தண்ணி படணும், மாப்ள."

"சரிங்கத்தை."

கடைசியாக அமலாவின் அறை. சுவரோரம் பழக்கடை பிளாஸ்டிக் கிரேட்டுகள். ஒவ்வொன்றிலும் செய்தித்தாளில் சுற்றிய கற்கள். வேலைக்கு வரும் பாயி ஒரு கிரேட்டைத் தூக்கினாள். அத்தை தடுத்தார்.

"அதை அவ தொட வேணாம். எம்பொண்ணு பொத்திப் பொத்தி வெச்சது. நீயே கழுவு மாப்ள."

கழுவினேன். செய்தித்தாள்களைப் பிரித்தேன். கற்களில் ஒட்டியிருந்த பேப்பர் டேப்புகள் வெந்நீரில் தாமே கழன்று வந்தன. பக்கெட்டில் சோப்புத் தூள் கரைத்து ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அவளுக்குப் பிப்ரவரியில் கிடைத்த முழு மீன் இருந்த பலகைக் கல்லை மட்டும் இரண்டு முறை ஊறவைத்தேன். அதன் முதுகில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அதுவும் போனது. தண்ணீரைக் குளியலறையில் கொட்டினேன். கற்களைப் பால்கனியில் வெயிலில் காயவைத்தேன்.

சாயங்காலம் மீன் மின்னியது. உள்ளங்கை நீள மீன். ஓடு வேய்ந்ததுபோல் வரிசையாகக் கறுப்புச் செதில்கள். மூக்கு நுனியிலிருந்து வால் வரை எதுவும் குறையவில்லை. அத்தை அதை முந்தானையால் ஒருமுறை துடைத்து, அமலாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கண்ணாடி மாதிரி வெச்சுருக்க" என்றார்.

மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது என்று நினைத்தேன். செய்தித்தாள்களைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனுக்குப் போட்டேன்.

நவம்பரில் நஸ்ரின் வந்தாள். பல் டாக்டர். கிர்க்கி பஜாரில் கிளினிக். அமலாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சு. கிளினிக் மூடிய பிறகு இருவரும் பல் சுத்தம் செய்யும் ஊசிகளால் மீனைச் சுற்றியுள்ள மண்ணைத் துணுக்குத் துணுக்காக எடுப்பார்கள். அந்த விளக்கு, அந்த நாற்காலி, வாயைத் திறந்தபடி ஒரு கல். நஸ்ரின் அதை "என்னோட நல்ல பேஷண்டு, கத்தமாட்டான்" என்பாள்.

"வாசுதேவன் சார் போன் பண்ணார், கோகுல்" என்றாள். "மீன் எங்கன்னு கேக்கறார்."

வாசுதேவன் நாக்பூரில் அரசாங்கத் தொல்லுயிர்ச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவர். அமலா வெயில் காலத்திலேயே அவருக்குப் படம் மட்டும் அனுப்பியிருந்தாள். நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மழை முடியட்டும் என்று இருந்தாள்.

"அதோ இருக்குதுங்க" என்றேன்.

நஸ்ரின் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கல்லை எடுத்தாள். 

"சுத்தியிருந்த பேப்பர் எங்க?"

"ரத்திக்குப் போட்டாச்சுங்க."

"டேப்?"

"தண்ணில கழண்டு வந்துருச்சு. எல்லாத்தையும் கழுவி வெச்சுட்டேன்."

கல்லைத் திருப்பிப் பார்த்தாள். முதுகு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"இங்க மண் இருந்துச்சே."

"இருந்துச்சுங்க. ரெண்டு வாட்டி ஊற வெச்சுத் தேச்சேன். நல்லாப் போயிருச்சு."

"ஆமா. ரொம்ப நல்லாப் போயிருச்சு" என்றாள். சோபாவில் உட்கார்ந்தாள். மற்ற கற்களைத் திரும்பிப் பார்த்தாள். ஷெல்ஃபில் உயர வரிசைப்படி அடுக்கியிருந்தேன்.

"கோகுல், எங்க எடுத்ததுன்னு தெரியாத மீனு வெறும் கல்லு. நான் சொல்லல. அவ சொல்றது. எடுத்த நிமிஷமே டேப் ஒட்டி எழுதுவா. பேப்பர்லயும் எழுதுவா. ரெண்டு தடவ."

அவள் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். பேப்பர் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். அதை ஏன் எழுதுகிறாள் என்று கேட்டதில்லை.

"சரி, சோட் தோ, விடுங்க" என்றாள் நஸ்ரின். "நீங்க கூட இருந்தீங்கல்ல? இத எடுத்தப்போ? ஃபிப்ரவரில நான் வரல. டேப்ல என்ன எழுதியிருந்தான்னு நான் படிச்சும் பார்க்கல. நீங்க ரெண்டு பேருந்தான் போனீங்க. குளமா, கிணறா?"

அந்தக் கிராமத்தில் அமலா தேடுவது இரண்டே இடங்களில். ஒன்று குளக்கரையில் மண் வெட்டிய சுவர். இன்னொன்று ஒரு வயல் தள்ளி, தாதாராவ் என்கிற விவசாயி கிணறு தோண்டிக் குவித்த மண்மேடு. அன்று இரண்டுக்கும் மாறி மாறிப் போனோம்.

மொபைலில் அன்றைய படத்தைத் தேடி எடுத்தேன்.

மீன் கிடைத்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அமலா "கோயமுத்தூரு, இங்க வா" என்று கத்தினாள். அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். போனேன். உள்ளங்கையில் மீனை ஏந்தி நின்றாள். இடது கன்னத்தில் மண். துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள். "வயித்தப் பாரு. எங்கம்மா கையால சாப்ட்டு வந்த மீனு" என்றாள். நான் மொபைலை எடுத்து அவளைப் படம் பிடிக்கப் போனேன். "என்னை எடுக்காத. மீனை எடு." மீனை எடுத்தேன். படத்தில் மீன், அவள் விரல்கள், நகத்தில் மண், ஓரத்தில் துப்பட்டாவின் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

அவள் நின்றது நினைவிருக்கிறது. எதன்மேல் நின்றாள் என்பது இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

நஸ்ரின் அங்கிருந்தே வாசுதேவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் பொறுமையாகப் பேசினார்.

"ஒண்ணும் கவலையில்ல. கல்லு முதுகுல ஒட்டியிருக்கிற மண்ணு ஒரு ஸ்பூன் அனுப்புங்க. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிப்பி அதுல இருக்கும். குளத்துல ஒரு வகை, கிணத்துல ஒரு வகை. பார்த்த உடனே சொல்லிடுவேன்."

நஸ்ரின் என்னைப் பார்த்தாள்.

"மண்ணு இல்ல சார்" என்றாள்.

"ஏன்?"

"கழுவிட்டேனுங்க" என்றேன்.

"கழுவிட்டீங்களா."

"ஆமாங்க."

"எதுல?"

"துணி துவைக்கிற தூள்லங்க."

 பிறகு அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். குளத்து மண் கறுப்புப் பாறைக்கு அடியில் இருக்கிறது. கிணற்று மண் இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதாவது குளத்து மீன் எரிமலை வருவதற்கு முன் நீந்தியது. கிணற்று மீன் முதல் குழம்பு ஆறியபிறகு அதன்மேல் தேங்கிய ஏரியில் நீந்தியது. ஒன்று நெருப்பைப் பார்க்காத மீன். இன்னொன்று அதற்குப் பிறகும் இருந்த மீன்.

"அங்க வழக்கமா கிடைக்கிறது செதில், பல்லு, உடைஞ்ச தாடை. முழு மீன் எங்க பீரோல ஒண்ணுகூட இல்ல. எடம் தெரிஞ்சா பதிவு பண்ணிடலாம். கண்டெடுத்தவர்னு அவங்க பேரும் ஏறும். நானெல்லாம் ரிடையர் ஆனப்புறமும் அந்தப் பேரு அங்கயே இருக்கும். எடம் தெரியாம ஏத்த முடியாது, மிஸ்டர் கோகுல்நாத். தப்பா நெனைக்காதீங்க."

"இல்லைங்க."

"ஒண்ணு பண்ணுங்க. நேர்ல போய் நில்லுங்க. எடத்தப் பார்த்தா ஞாபகம் வரும். உங்க வார்த்தை எனக்குப் போதும். கூட இருந்தவர் நீங்க ஒருத்தர்தான்."

டிசம்பரில் போனோம். நஸ்ரினின் கணவர் பைசலும் வந்தார். அவர் ஜீப் நின்றதும் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். கல் தேடும் பெண்களின் கணவர்கள் ஜீப்பில் தூங்குவார்கள். நானும் பாதி நேரம் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

முதலில் குளம். தண்ணீர் இறங்கியிருந்தது. வெட்டிய சுவர் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தது. அதன் உச்சியிலிருந்து யாரோ மாடு கட்டிய நீலப் பிளாஸ்டிக் கயிறு தொங்கியது. நஸ்ரின் என்னை அங்கங்கே நிற்கவைத்தாள்.

"அவ எந்தப் பக்கம் பார்த்து நின்னா? வெயில் எங்க இருந்துச்சு?"

"கண்ணைச் சுருக்கிட்டு இருந்தா."

"அவ எப்பவும் அப்படித்தான். கண்ணாடி போடுடின்னா கேக்கமாட்டா."

மீன் கல்லைச் சுவர்மீது வைத்துப் பார்த்தோம். கல் வெள்ளை. சுவர் பச்சை. நஸ்ரினின் முகம் மலர்ந்தது. "அப்போ இது இல்ல. கிணறுதான்." பிறகு சுவரின் மேல்பகுதியில் காய்ந்திருந்த ஒரு துண்டைப் பெயர்த்தாள். அதுவும் வெள்ளை. கீழே போட்டாள்.

கிணற்றடிக்குப் போனோம். மண்மேட்டைக் காணவில்லை. தாதாராவ் துவரைக் காட்டிலிருந்து வந்தார். வெயில் காலத்திலேயே அந்த மண்ணை வண்டிப் பாதையில் நிரவிவிட்டதாகச் சொன்னார். மழையில் டிராக்டர் புதைகிறதாம். அக்கா வரவில்லையா என்று மராத்தியில் கேட்டார். நஸ்ரின் சொன்னாள். அவர் தலைக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிணற்று மேடையைக் காட்டி, அங்கேதான் உட்கார்ந்து துவரங்காய் உரித்துத் தின்பாள் என்றார்.

"மீன் ஒண்ணு காட்டினாங்களா, இங்க எடுத்தேன்னு?" நஸ்ரின் கேட்டாள்.

எத்தனையோ காட்டியிருக்கிறாள் என்றார் அவர். தனக்கு எல்லாம் கல்லாகத்தான் தெரிந்ததாம். மீன் என்று சொன்னால் மீன் என்று தலையாட்டுவாராம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நானும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன்.

வண்டிப் பாதையில் நடந்தோம். மஞ்சள் கலந்த வெள்ளை மண். டிராக்டர் டயர் தடம் அழுத்தமாக, மீன்முள் வரிசைபோலப் பதிந்திருந்தது. நஸ்ரின் நொறுங்கின கட்டிகளைப் பொறுக்கி மீன் கல்லின் பக்கத்தில் வைத்தாள். அதுவும் அதே வெள்ளை. காய்ந்தால் எல்லாம் ஒரே நிறம். சோப்புத் தூள் போட்டு வெயிலில் காயவைத்த கல் எந்த ஊர்க் கல்லாகவும் இருக்கலாம்.

திரும்பக் குளத்துக்கு வந்தோம். கரைமேல் மட்டும்தான் போனுக்கு சிக்னல்.

"குளம்னு சொல்லிடுங்க" என்றாள் நஸ்ரின்.

"தெரியலைங்களே."

"எனக்கும்தான் தெரியல. ஆனா அவ இங்கதான் ரொம்ப நேரம் உக்காருவா. குளத்துக்கு சான்ஸ் ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா அதுதான்னு ஆகாதுங்க, டாக்டர். எங்க லைன்ல அப்படி ஒரு பீஸைப் பாஸ் பண்ணமாட்டாங்க."

"அரே, இது பிரேக் டிஸ்க்கா? யாரு சாகப் போறா?" சொன்ன பிறகு அவளே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு வார்த்தை, கோகுல். அவ பேரு அங்க இருக்கும். யாருக்கு நஷ்டம்? மீனுக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அமலா நின்றாள். உள்ளங்கையில் மீன். கன்னத்தில் மண். இந்த முறை பின்னால் சுவர் இருந்தது. பச்சை கலந்த சாம்பல் நிறம், ஈரம். தெளிவாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. வாசுதேவனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க."

"சார், ஞாபகம் வந்துருச்சுங்க."

நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லது. எங்க?"

குளம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஆனால் அமலாவின் தோளுக்குப் பின்னால், அந்தச் சுவரிலிருந்து, நீலப் பிளாஸ்டிக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு புதிது, பிப்ரவரியில் அங்கே இருந்திருக்காது. முடிச்சில் அழுக்குகூட ஏறவில்லை. கயிற்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சுவரும் கூடவே போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்க சார். ஞாபகம் வரலைங்க" என்றேன்.

நஸ்ரின் கையை எடுத்துக்கொண்டாள்.

வாசுதேவன் கோபப்படவில்லை. "அப்போ ஒரே வழிதான்" என்றார். "கல்லையே கொஞ்சம் கரைச்சுப் பார்க்கணும். மீன் இல்லாத ஓரம் எவ்வளவு இருக்கு?"

நஸ்ரின் போனை வாங்கினாள். "ஓரமே இல்ல சார். மீனை ஒட்டியே உடைஞ்சிருக்கு. பின்பக்கமும் ரொம்ப மெலிசு, சுரண்ட முடியாது."

"அப்போ மீன்லதான் வெட்டணும். வால் பக்கம், ரெண்டு விரல் அகலம். வெட்டினது கரைஞ்சு போயிடும், திரும்பக் கிடைக்காது. சிப்பி இருக்கும்னும் உறுதி சொல்லமாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

 திரும்பும் ரயிலில் அகமத்நகர் தாண்டியதும் நஸ்ரின் சொன்னாள். "வேணாம். வீட்லயே இருக்கட்டும். முழுசா இருக்கட்டும். அத நான் ஒரு மாசம் க்ளீன் பண்ணேன், தெரியுமா? அவ லைட் பிடிச்சா. வால்ல ஒவ்வொரு முள்ளும் எனக்குத் தெரியும்."

பைசல் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வெட்டித்தான் ஆகணும்னா நீயே வெட்டு. நாக்பூர்க்காரன் கையில குடுத்தா ரம்பம் போடுவான்."

"நீங்க தூங்குங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அவர் அடுப்படியில் இருந்தார். நான் போனால் அவர் மீன் குழம்பு வைப்பார். இன்று சொல்லாமல் போனதால் ரசம்தான் என்று வருத்தப்பட்டார். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டேப், செய்தித்தாள், மண். அவரிடம் அதுவரை சொல்லவில்லை.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான்தானே கழுவச் சொன்னேன்" என்றார்.

"நீங்க வீட்டக் கழுவச் சொன்னீங்க. கல்ல நானே இழுத்துப் போட்டுட்டேனுங்க."

"கல்லையும்தான் சொன்னேன். நீயேன் அத மறைக்கிற?" கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வாலை வெட்டினா அவ பேரு இருக்குமா?"

"இருக்கலாம்ங்கத்தை. கல்லுல ஏதாவது இருந்தா. இல்லாமயும் போகலாம்."

அவர் வாலை விரலால் தடவிப் பார்த்தார்.

"சின்ன வயசுலருந்து அவ மீன்ல வாலத் தொடமாட்டா. முள்ளும்பா. தலைதான் வேணும் அவளுக்கு. அவங்கப்பாவோட சண்டை போட்டு வாங்கித் திம்பா." கல்லை என்னிடம் நீட்டினார். "வெட்டு. ரசம் ஊத்தட்டுமா?"

கிளினிக் அடுத்த ஞாயிறு மூடியிருந்தது. நஸ்ரின் வெள்ளைக் கோட்டு, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒரு முகக்கவசம் கொடுத்தாள். நோயாளி நாற்காலியின் தட்டில் துண்டை மடித்து, அதன்மேல் கல். விளக்கை இழுத்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க. அசைக்காதீங்க. வாயைத் திறந்து வெச்சுக்கணும்னு அவசியமில்ல."

சிரிக்க முயன்றோம். பல் அறுக்கும் சின்னச் சக்கரத்தைப் பொருத்தினாள். தண்ணீர் பீய்ச்சியது. சக்கரம் கல்லைத் தொட்டதும் என் கட்டைவிரல் வரை அதிர்ந்தது. சூடான பல்லின் வாசனை. அவள் ஒவ்வொரு முள்ளுக்கும் நின்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்தது. கடைசியில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வால் தனியாக என் பக்கம் வந்தது.

அதைச் செய்தித்தாளில் சுற்றினேன். நஸ்ரின் டேப்பும் பென்சிலும் எடுத்து வைத்தாள்.

"எழுதுங்க."

"என்னங்க எழுதறது?"

"தெரிஞ்சத எழுதுங்க."

டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அமலா என்று எழுதி ஒட்டினேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வாலும் மீனும் நாக்பூர் போய்ச் சேர்ந்தன. பிப்ரவரி கடைசியில் வாசுதேவன் கூப்பிட்டார். கேன்டீனில் இருந்தேன். சத்தம் அதிகம், வெளியே வந்தேன்.

"கிணறு" என்றார். "சந்தேகமே இல்ல. அந்தச் சிப்பி குளத்துல வராது. எரிமலைக்கு அப்புறம் வந்த மீன். பதிவு பண்ணியாச்சு. படம் அனுப்பறேன்."

"ரொம்ப நன்றிங்க."

"அன்னிக்கு நீங்க குளம்னு சொல்லியிருந்தா குளம்னுதான் ஏறியிருக்கும்" என்றார். பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியதுபோல, சாப்பிட்டாச்சா என்று கேட்டு வைத்துவிட்டார்.

படம் வந்தது. இழுப்பறையில் பஞ்சு மெத்தை. அதன்மேல் வாலில்லாத மீன். வெட்டிய இடம் நேராக, நஸ்ரினின் வேலைபோலவே சுத்தமாக இருந்தது. கீழே அச்சடித்த சீட்டு. கிராமத்தின் பெயர், கிணற்று மண், கண்டெடுத்தவர் அமலா கோகுல்நாத். மீனின் பெயருக்கு எதிரே இன்னும் ஒரு கோடுதான் இருந்தது.

நஸ்ரினுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நீலக் கோடு விழுந்தது. அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பேரை மட்டும் படித்தால் போதும் என்றார்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. இப்போது எனக்கு இடம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். அமலா நின்றாள். உள்ளங்கையில் மீன், வாலோடு. துப்பட்டா இடுப்பில். என்னை எடுக்காத, மீனை எடு. அவள் காலடியில் கிணற்று மண்ணை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கலந்த வெள்ளை. சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கவனித்தேன். மண்ணில் டிசம்பரில் நான் பார்த்த டிராக்டர் டயர் தடம் இருந்தது.

அதை எடுத்துவிட்டேன். அவள் நிற்கிறாள். கீழே ஒன்றும் இல்லை.